ஒவ்வொரு மரமாக: கடலூர், புதுச்சேரி மண்ணில் மரப்பாசம்

2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வேகம் வரை வீசியது. அடுத்த வாரங்களில் எடுக்கப்பட்ட சேதக் கணக்கில் கூரைகள் இருந்தன, மின்கம்பங்கள் இருந்தன, படகுகள் இருந்தன. முந்திரியும் பலாவும் ஹெக்டேர் கணக்கில் இருந்தன. அதே நாட்களில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து உறவினர்களைப் பார்க்கப் போனவர்கள் கேட்டது வேறு கணக்கு. கிணற்றடிப் பலா போய்விட்டது, தாத்தா வைத்த மரம் போய்விட்டது, வாசல் வேம்பு மட்டும் நிற்கிறது என்று மரம் மரமாகச் சொன்னார்கள். நிவாரணத் தொகை எவ்வளவு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் வந்தது. சாவு வீட்டில் கேட்பதைப் போல "எப்போது விழுந்தது?" என்று கேட்டுவிட்டு, வந்தவர்களும் மரத்தருகே போய்ச் சிறிது நேரம் நின்றார்கள்.

மரத்தை நேசிப்பதை இயற்கையை நேசிப்பதாகப் பொதுப்படையாக எடுத்துக்கொள்வது வழக்கம். இந்தக் கடற்கரையோர மக்களிடம் நான் காண்பது அதைவிடக் குறுகலானது, அதைவிட ஆழமானது. இவர்கள் மரங்களை ஒவ்வொன்றாக நேசிக்கிறார்கள். எங்கே நிற்கிறது, யார் வைத்தது, எந்த மாதம் காய்க்கும், பழம் எப்படி இருக்கும், எந்தத் தெய்வத்துக்கு உரியது என்பதெல்லாம் சேர்ந்துதான் இவர்களுக்கு ஒரு மரம். அந்த உறவு இருக்கும் இடங்களில் மரங்கள் தலைமுறைகளைத் தாண்டி நிற்கின்றன. எண்ணிக்கைக்காக நடப்பட்ட இடங்களில் கம்பிக்கூண்டு மட்டும் மிஞ்சுகிறது. கடலூர், சிதம்பரம், பண்ருட்டி, புதுச்சேரி என்று எங்கே பார்த்தாலும் இந்த வேறுபாடு தெரிகிறது. அதன் காரணங்களைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது நல்லது.

மரம் மனத்துக்கும் உடலுக்கும் இதம் தரும் என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அதில் புகழ்பெற்றது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறைகளில் இருந்த 23 பேர், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த அறைகளில் இருந்த 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. பச்சையைப் பார்த்தால் நமக்குள் ஏற்படும் அமைதிக்கு இது விளக்கம். ஆனால் ஒரு குறிப்பிட்ட பலா விழுந்ததற்காக ஒரு குடும்பம் அழுவதற்கு இது விளக்கமாகாது. பச்சை வேண்டுமென்றால் பக்கத்துக் கொல்லையில் இருக்கிறதே! அழுகைக்குக் காரணம் பலா மரத்தின் பிறப்பிலேயே இருக்கிறது.

பலாவில் ஆண் பூங்கதிரும் பெண் பூங்கதிரும் ஒரே மரத்தில் தனித்தனியாக வருகின்றன. மகரந்தம் பெரும்பாலும் வேறு மரத்திலிருந்து வந்து சேர்கிறது. அதனால் கொட்டையிலிருந்து முளைக்கும் கன்று தாய் மரத்தைப் போலவே இருக்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. தேன் போன்ற சுளை தந்த மரத்தின் கொட்டையை ஊன்றினால் சப்பென்ற பழம் தரும் மரமும் வரலாம், தாயை மிஞ்சும் மரமும் வரலாம். ஊன்றியவர் ஏழெட்டு ஆண்டுகள் காத்திருந்து முதல் பழத்தை அறுக்கும்போதுதான் அது தெரியும். ஆகவே கொட்டை போட்டு வளர்ந்த ஒவ்வொரு பலாவும் உலகத்தில் ஒன்றே ஒன்று. இந்த மரத்துப் பழம் விற்பனைக்கு, அந்த மரத்துப் பிஞ்சு குழம்புக்கு, ஓரத்து மரத்தின் சுளை காய்ச்சல் வந்தவருக்குக்கூடக் கொடுக்கலாம் என்று ஒரு கொல்லைக்குள்ளேயே பண்ருட்டிக்காரர்கள் பிரித்துச் சொல்வது அனுபவக் கணக்கு. அந்த மரம் விழுந்தால் அந்தச் சுவை அதோடு முடிந்தது. வேறு எங்கேயும் போய் அதை வாங்க முடியாது.

பண்ருட்டிக்கு அருகே மாளிகம்பட்டில் ஒரு பலாவுக்கு 'ஆயிரங்காய்ச்சி' என்றே பெயர். இருநூறு ஆண்டுப் பழமையான மரம் என்று சொல்கிறார்கள். சொத்துக்குப் பெயர் வைக்க மாட்டோம், உறவுக்குத்தான் வைப்போம். அதே பகுதியில் பணிக்கன்குப்பத்துக் கொல்லை ஒன்றில் நின்ற ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்துத்தான் பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் 'பாலூர் 1' என்ற பலா ரகத்தை உருவாக்கியது. ஆண்டுக்கு இரு பருவம் காய்க்கும் ரகம் அது. ஒட்டுக் கட்டிப் பெருக்கிய அந்தக் கன்றுகள் எங்கே வளர்ந்தாலும் அந்த ஒற்றை மரத்தின் உடல்தான். விஞ்ஞானிகள் வருவதற்கு முன்பே அந்த மரம் நல்ல மரம் என்று கண்டு, விறகு விலை ஏறியபோதும் வெட்டாமல் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். ஒரு ரகத்தின் வரலாறு எழுதும்போது அவர்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை நடந்தபோது நிலத்தை அளந்து பிரிப்பதில் தகராறு வரவில்லை. அப்பாவின் பங்கில் விழுந்த வரப்போரத்துப் பலாவில்தான் பேச்சு நின்றது. "நிலம் உனக்கே இருக்கட்டும் தம்பி. நான் இருக்கும்வரை அந்த மரத்தின் முதல் பழம் என் வீட்டுக்கு வரட்டும், அது போதும்" என்றார் பெரியப்பா. அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. பத்திரத்தில் அது ஏறவில்லை. பெரியப்பா காலமாகும்வரை முதல் பழம் அவர் வீட்டுக்குத்தான் போனது. இந்தப் பக்கத்தில் விசாரித்தால் வீட்டுக்கு ஒரு கதை இப்படிக் கிடைக்கும்.

மரத்தை நிலத்திலிருந்து பிரித்து எண்ணும் பழக்கம் நம் ஆவணங்களுக்கும் புதிதில்லை. சோழர் காலத்து நிலக்கொடைக் கல்வெட்டுகளில் 'மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்' என்ற தொடர் வருகிறது. இன்றைய கிரயப் பத்திரங்களிலும் மாவடை மரவடை என்று எழுதாமல் எழுத்தர் விடுவதில்லை. நிலம் கைமாறும்போது அதன்மேல் நிற்கும் உயிர்களையும் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும் என்ற உணர்வு அந்த எழுத்தில் இருக்கிறது.

முந்திரியின் கதை இதிலிருந்து மாறுபட்டது. பிரேசிலில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்த மரம், வேறெதுவும் லேசில் வராத செம்மண் மேட்டில் காலூன்றி இந்த மாவட்டத்தின் சோறானது. பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் வரை முந்திரிக் கொல்லைகள் விரிகின்றன. கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் பெண்களின் கைகளில் ஓட்டின் எண்ணெய் பட்டுத் தோல் கருகுவதும், சாம்பலைத் தடவிக்கொண்டு அவர்கள் வேலையைத் தொடர்வதும் இந்தப் பாசத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவை. மரத்தின் மீதான அன்பு உழைப்பின் வலியை மறைத்துவிடக் கூடாது.

தானேவுக்குப் பிறகு அரசு உதவியோடு மறுநடவு நடந்தது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் தந்த 'வி.ஆர்.ஐ. 3' போன்ற முந்திரி ஒட்டுக்கன்றுகள் கொல்லைகளை மீண்டும் நிரப்பின. மூன்றாம் ஆண்டிலேயே காய்க்கத் தொடங்கும் மரங்கள். வருமானத்துக்கு அது பெரிய கை கொடுத்தது. ஆனால் ஒரு ஹெக்டேருக்கு இவ்வளவு என்ற நிவாரணத்தில் ஐந்தாண்டு மரமும் எழுபதாண்டு மரமும் ஒன்றாகிவிடுகின்றன. எழுபதாண்டு மரத்தின் கீழே எழுபது ஆண்டின் இலைச்சருகு உரமாகியிருக்கும், மாடு கட்டிய இடம் இருக்கும், மகள் திருமணத்துக்குப் பந்தி போட்ட நிழல் இருக்கும். இதில் முதலாவதற்காவது விலை போட வழி இருக்கிறது என்பதே என் வாதம். வயதுக்கு ஏற்ற இழப்பீடு கேட்பது உணர்ச்சிவசப்பட்ட கோரிக்கை ஆகாது.

நெய்வேலியைச் சொல்லாமல் இந்த மாவட்டத்தின் மரத்துயரத்தைப் பேச முடியாது. 1956இல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியதிலிருந்து திறந்தவெளிச் சுரங்கம் விரிந்துகொண்டே வந்திருக்கிறது. அங்கே தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் புதைந்த காடுதான். புதுச்சேரிக்கு அருகே திருவக்கரையிலும் பழைய காட்டின் அடிமரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. சுமார் இரண்டு கோடி ஆண்டுப் பழமையான அந்தக் கல்மரங்களில் நார்வரிகளைக் கண்ணால் பார்க்கலாம். பழைய காட்டை எடுப்பதற்காகப் புதிய தோப்புகளும் ஊர்களும் இடம்பெயர்ந்தன. ஆஸ்திரேலியாவில் ஹண்டர் பள்ளத்தாக்கின் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு அருகே வாழும் மக்களை ஆராய்ந்த கிளென் ஆல்பிரெக்ட் என்ற மெய்யியலாளர், ஊரைவிட்டுப் போகாமலேயே ஊரை இழந்தவரின் ஏக்கம் அவர்களிடம் இருப்பதைக் கண்டார். நெய்வேலியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வயதானவர்கள் கையை நீட்டி, வெறும் வெளியைக் காட்டி, "அங்கேதான் எங்கள் புளியமரம் இருந்தது" என்று சொல்லும்போது அந்த ஏக்கத்துக்கு வேறு ஆராய்ச்சி தேவைப்படுவதில்லை.

கோயில் மரமும் கோயில் காடும்

கடலூர் நகரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூர் தன் பெயரையே பாதிரி மரத்திலிருந்து பெற்றது. பாடலீசுவரர் கோயிலின் தலமரம் பாதிரி. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் கரையேறிய ஊர் என்று சைவ மரபு போற்றும் ஊரும் இதுதான். விருத்தாசலத்தில் தலமரம் வன்னி. கோயில் திருப்பணி செய்தவர்களுக்கு வன்னி இலைகளைக் கூலியாகக் கொடுத்தபோது அவரவர் உழைப்புக்கு ஏற்ப அவை பொன்னாக மாறின என்று தலபுராணம் சொல்கிறது. உழைக்காதவர் கையில் இலை இலையாகவே இருந்ததாம்.

தில்லை இவற்றில் வியப்பானது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த அந்த மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தோலில் பட்டால் கொப்புளம். கிளையை ஒடித்து அடுப்பு எரிக்கலாம் என்றால் புகையும் எரிச்சல் தரும். கழிமுகச் சேற்றில் வளரும் அலையாத்திகளோடு சேர்ந்து வளரும் மரமான அதை இன்று சிதம்பரம் தெருக்களில் தேடினால் கிடைக்காது. கிழக்கே பிச்சாவரத்துக்குப் போக வேண்டும். பழமும் தராத, நிழலில் படுக்கவும் தயங்க வேண்டிய ஒரு மரத்தை ஓர் ஊர் தன் அடையாளமாக வைத்திருக்கிறது. பயன் தருவதால்தான் மக்கள் மரத்தை மதிக்கிறார்கள் என்று சொல்பவர்களுக்குத் தில்லை நல்ல மறுமொழி.

தனி மரத்திலிருந்து கோயில் காட்டுக்கு வருவோம். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு பலருக்குக் குலதெய்வத்தின் இடம். கடலூர் மாவட்டத்தில் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் போன்ற ஊர்களில் இப்படி எஞ்சிய சிறு காடுகளைப் புதுச்சேரிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990களில் மரம் மரமாக எண்ணிப் பதிவு செய்தார்கள். வீரை, காயா, பாலை, கருங்காலி, நாவல் என்று அங்கே நிற்பவை இந்தக் கடற்கரையின் ஆதி மரங்கள். உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியலாளர்கள் இதைச் சொல்கிறார்கள். மழையில் பெரும்பகுதி ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு மாதக் கணக்கில் வெயில்தான். அதைத் தாங்குவதற்காக இந்த மரங்கள் உயரமாக வளர்வதில்லை. இலைகள் சிறியவை, தடித்தவை, மெழுகு பூசியவை. கோடையில் பிற மரங்கள் மொட்டையாக நிற்கும்போதும் இவை பச்சை மாறுவதில்லை.

கடற்கரைச் சமவெளியில் இந்தக் காடு துண்டு துண்டாகத்தான் பிழைத்திருக்கிறது. அப்படிப் பிழைத்த துண்டுகளில் பல அய்யனாருக்கும் அம்மனுக்கும் உரியவை. குச்சி ஒடிக்கக் கூடாது, காய்ந்து விழுந்த விறகையும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது என்ற கட்டுப்பாடுதான் அவற்றைக் காத்தது. அந்தக் கட்டுப்பாட்டில் பயம் உண்டு. தெய்வம் கண்ணைக் குத்தும் என்ற பயம். படித்தவர்கள் இந்தப் பயத்தைச் சொல்லக் கூச்சப்படுகிறார்கள். எனக்கு அதில் கூச்சம் இல்லை. பெற்ற தாயிடமும் நமக்குப் பயமும் பாசமும் கலந்தேதான் இருக்கின்றன. பயம் விலகி, கோயில் மட்டும் கான்கிரீட்டில் பெரிதாகி, வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று காடு ஓரம் ஓரமாகச் சுருங்கும் ஊர்களைப் பார்க்கும்போது அந்தப் பழைய கட்டுப்பாட்டின் அருமை தெரிகிறது.

வந்து சேர்ந்த மரங்கள்

புதுச்சேரியின் மரப்பாசத்துக்கு இன்னொரு முகம் உண்டு. 1826இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய தாவரவியல் பூங்காவில், பெரோட்டே என்ற தாவரவியலாளரின் காலத்தில் எத்தனையோ நாடுகளின் மரங்கள் வந்து சேர்ந்தன. தலைமுறை தலைமுறையாகப் புதுச்சேரிப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் விளையாடிய இடம் அது. தானே புயல் அங்கேயும் பல முதிய மரங்களைச் சாய்த்தது. நகரத்தவர்கள் போய்ப் பார்த்துக் கண் கலங்கியது வெளிநாட்டு மரங்களுக்காகவும்தான்.

தென் அமெரிக்காவிலிருந்து வந்த நாகலிங்க மரத்தின் பூவைப் புதுச்சேரி அரசு தன் மாநில மலராகவே அறிவித்திருக்கிறது. படம் விரித்த நாகத்தின் கீழே லிங்கம் இருப்பதாக அந்தப் பூவில் கண்ட பக்தர்கள், அது எந்தக் கண்டத்து மரம் என்று விசாரிக்கவில்லை; சிவன் கோயிலுக்குள் அழைத்துக்கொண்டார்கள். வில்வம் மாநில மரம். இரண்டும் ஒரே சன்னதியில் பூசைக்குப் போகின்றன. நாட்டு மரங்களையே நட வேண்டும் என்று சூழலியலாளர்கள் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். புதிய நடவுக்கு அதுதான் சரி. ஆனால் ஒரு தெருவில் அறுபது ஆண்டாக நிற்கும் தூங்குமூஞ்சி மரத்தை அயல் மரம் என்று சொல்லி வெட்ட வருபவரை அந்தத் தெருக்காரர்கள் தடுத்தால், நான் தெருக்காரர்கள் பக்கம். வந்த மரமும் ஊர்க்காரராகிவிடும். சீமைக் கருவேலம் மட்டும் எத்தனை விறகு தந்தும் அந்த இடத்தைப் பெறவில்லை. தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் அது போட்டியாக நின்றுவிட்டது.

ஆரோவில்லை இந்த இடத்தில் பேச வேண்டும். 1968 பிப்ரவரி 28இல் அந்த நகர் தொடங்கப்பட்டபோது அங்கே இருந்தது மழையில் அரித்துப் பள்ளமும் பிளவுமாகக் கிடந்த செம்மண் மேடு. ஒரு பெரிய ஆலமரமும் ஆங்காங்கே பனையும் நின்றன. வந்து குடியேறியவர்களும் சுற்றுக் கிராமத்தவரும் முதலில் செய்த வேலை வரப்புப் போட்டு மழைநீரை நிறுத்தியது. மண் ஓடுவது நின்ற பிறகு, வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அகேசியா போன்ற மரங்களை நட்டார்கள். அவை நிழலும் சருகும் தந்து மண்ணைத் தேற்றின. அந்த நிழலில்தான், கோயில் காடுகளிலிருந்து சேகரித்த விதைகளால் வீரையும் காயாவும் கருங்காலியும் எழுந்தன. அய்யனார் காத்து வைத்த விதைகள் இல்லாமல் ஆரோவில்லின் காடு இப்போதைய உருவத்தில் இருந்திருக்காது. தானே புயல் வந்தபோது விரைந்து வளர்ந்த அகேசியாக்கள் ஏராளமாக முறிந்தன. மெதுவாக வளர்ந்த நாட்டு மரங்கள் அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன.

அங்கே காடு பிழைத்ததற்கு நான் காணும் முக்கியக் காரணம், நட்டவர்கள் அந்தக் காட்டுக்குள்ளேயே குடியிருந்தது. கோடையில் கன்று வாடினால் அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். 2021 டிசம்பரில், நகரத் திட்டத்தின் சாலைக்காக மரங்களை அகற்ற மண்வாரி இயந்திரங்கள் வந்தபோது குடியிருந்தவர்களில் ஒரு பகுதியினர் குறுக்கே நின்றதையும் இந்த உறவை வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். நகரம் முழுமையாக எழ வேண்டும் என்று கருதிய மற்றவர்களுக்கும் அவர்களுடைய நியாயம் இருந்தது. 2022 ஏப்ரலில் பசுமைத் தீர்ப்பாயம் பணிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. சட்டம் ஒரு பக்கம் முடிந்தது. தான் நீர் ஊற்றிய மரம் விழுவதைப் பார்த்தவரின் வருத்தம் தீர்ப்போடு முடிவதில்லை.

சேற்றில் கற்ற பாடம்

பிச்சாவரம் அலையாத்திக் காடு சுமார் 1,100 ஹெக்டேர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. கடலூர் மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை, மரங்கள் அடர்ந்திருந்த இடங்களுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் தெளிவாகக் குறைந்திருந்ததாகச் சொன்னது. கடலிலிருந்து தூரமும் நிலத்தின் உயரமும்தான் பெரிய காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கலாம். எப்படியாயினும், அலை வந்த நாளில் அந்த மரங்களைத் தங்கள் காவலாகக் கண்ட மக்களின் நம்பிக்கை அசையவில்லை.

அதற்கு முன்பே அங்கே நடந்த ஒன்று எனக்கு இன்னும் முக்கியமானது. ஆங்கிலேயர் காலத்திலிருந்து 1970கள் வரை அந்தக் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து, மண் அமுங்கி, தட்டுப் போலக் குழிந்தது. ஓதத்தில் ஏறிய உப்புநீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. எந்தக் கன்றும் அங்கே பிழைக்கவில்லை. பழி ஆடுமாடு மேய்த்தவர்கள் மீதும் விறகு ஒடித்தவர்கள் மீதும் விழுந்தது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உண்மைக் காரணத்தைக் கண்டறிந்தபோது, தீர்வு எளிமையாக இருந்தது: ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து மீன்முள்ளைப் போல இரு பக்கமும் சாயும் கிளை வாய்க்கால்கள். ஓதநீர் வந்து போகத் தொடங்கியதும் உப்புக் குறைந்தது. வாய்க்கால் ஓரங்களில் வெண்கண்டலும் சுரபுன்னையும் வேர் பிடித்தன.

அந்த வேலையில் சுற்றுக் கிராமத்தவர்கள் கூலிக்கு வந்தவர்களாக மட்டும் இருக்கவில்லை. கிராமக் குழுக்கள் அமைத்து, எங்கே வாய்க்கால் வெட்டுவது, எப்போது தூர் வாருவது என்பதில் அவர்களும் பங்கெடுத்தார்கள். கழிமுகத்தில் கையால் தடவி இறால் பிடித்து வாழும் இருளர்களுக்கு, எந்த மரத்தின் வேருக்குக் கீழே எந்தப் பருவத்தில் இறால் ஒதுங்கும் என்பது தெரியும். வேரைக் கையால் தொட்டே வாழ்பவர்களுக்கு மரத்தின்மேல் உள்ள அக்கறையை வெளியிலிருந்து போய் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பழியைச் சுமந்தவர்களே காவலர்கள் ஆனார்கள் என்பதை இந்த மாவட்டப் பள்ளிப் பாடத்தில் சேர்க்கலாம்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு கடற்கரை நெடுக அவசரமாக நட்ட சவுக்குத் தோப்புகளை இதோடு ஒப்பிடலாம். காற்றைத் தடுக்க அவை உதவின. மணல்மேட்டுக்கே உரிய அடம்பங்கொடிக்கும் ஆமை முட்டையிடும் வெளிக்கும் சில இடங்களில் இடைஞ்சலாகவும் ஆயின. மரம் நட்டால் போதும் என்ற அவசரம் இயற்கையின் மீதான அன்பு ஆகிவிடாது.

ஒன்றுக்குப் பத்து

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் சாலை நான்கு வழியாக விரிந்தபோது நிழல் தந்த புளியமரங்கள் பல போய்விட்டன. சாலை வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆம்புலன்ஸ் போகவும் அதே சாலைதான். சங்கடம் இழப்பீட்டு முறையில் இருக்கிறது. ஒரு மரத்துக்குப் பத்துக் கன்று என்ற விதி காகிதத்தில் தாராளமாகத் தெரிகிறது. பத்துக் கன்றும் எங்கே நடப்படுகின்றன, மூன்று கோடைக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெட்டிய புளிய மரத்துக்கு அருகே டீக்கடை வைத்திருந்தவருக்கும், ஆண்டுதோறும் ஏலம் எடுத்துப் புளி உலுக்கியவருக்கும், வேறு தாலுகாவில் நட்ட பத்துக் கன்றோடு எந்த உறவும் இல்லை. உறவு இல்லாத கன்றைக் காப்பது சம்பள வேலை. சம்பளம் நிற்கும் நாளில் அதுவும் நின்றுவிடுகிறது. நடும் கன்றை அந்தச் சாலையோரத்துக் கடைக்காரர், பள்ளிக்கூடம், பக்கத்து வயல்காரர் என்று ஒருவர் பெயரில் எழுதி, காய்ப்பதில் அவருக்கு உரிமையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். புளி ஏலத்தை நடத்தும் துறைக்கு இது முடியாத காரியம் இல்லை.

பண்ருட்டிக்கு வேறொரு வேலை உடனடியாகக் காத்திருக்கிறது. 2024இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது பெருமழை கொட்டியதே, அடுத்து எப்போது என்ற கேள்வி இந்தக் கடற்கரையை விட்டு ஒருபோதும் போகாது. தானேவில் தப்பிய பழைய கொட்டைப் பலாக்கள் இன்னும் கொல்லைகளில் நிற்கின்றன. மனை விற்பனைக்குக் கொல்லைகள் கைமாறும் ஊர்களில் அவையும் குறைந்து வருகின்றன. அவற்றில் எது சிறந்தது என்பது வீட்டுப் பெரியவர்களுக்கும் பழம் பறிப்பவர்களுக்கும் மண்டிக்காரர்களுக்கும் மட்டும் தெரிந்த செய்தி. ஒட்டுக் கட்டும் தொழில்நுட்பம் கைவசம் இருக்கிறது, பாலூர் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஊர் ஊராக ஒரு பதிவேடு வைத்து, மரம் நிற்கும் இடம், வைத்தவர் பெயர், காய்க்கும் மாதம், சுளையின் குணம் என்று எழுதி, நல்ல மரங்களிலிருந்து ஒட்டுக்குச்சி எடுத்து வைத்தால், அடுத்த புயலில் மரம் விழுந்தாலும் அதன் சுவை மிஞ்சும். குச்சி எடுக்க மரம் உயிரோடு நிற்க வேண்டும் என்பதால் இதை ஒத்திப்போட முடியாது. வேலையைத் தொடங்க ஏற்ற பருவம் சித்திரையிலிருந்து ஆனி வரை. எந்த மரத்துச் சுளை எப்படி என்பதை வாயில் போட்டுப் பார்த்துத்தானே குறித்துக்கொள்ள வேண்டும்.